சில்வண்டு கேட்காத ராத்திரி

சில்வண்டின் சத்தம் பெரும்பாலும் 4,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான சுருதியில் இருக்கிறது. தறியின் இரைச்சல் மனிதக் காதில் முதலில் கைவைக்கும் இடமும் 4,000 ஹெர்ட்ஸை ஒட்டித்தான். எங்கள் பக்கத்துத் தறிக்காரர்கள் டீக்கடையில் பேசிக்கொள்வதுண்டு: "முன்ன மாதிரி சில்வண்டெல்லாம் இப்பக் கத்தறதே இல்லீங்க. பூச்சிமருந்து அடிச்சு அடிச்சு எல்லாம் செத்துப்போச்சு." அவை சாகவில்லை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளுக்கு இன்றும் கேட்கின்றன.

எனக்கு அந்த ராத்திரிகள் வேண்டும். சோமனூருக்குப் பக்கத்தில், சாலையை விட்டு உள்ளே தள்ளி எங்கள் ஊர். வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுப் படுத்தால் தூரத்தில் ஒரு நாய் குரைக்கும். அதற்கு இந்தப் பக்கம் பனையோலை உரசும். கட்டுத்தரையில் எருமை தலையை ஆட்டினால் கழுத்துச் சங்கிலி அசையும். இவ்வளவுக்கும் அடியில், நிற்காமல், சில்வண்டு. ஐப்பசி மழை விட்ட ராத்திரிகளில் வேலியோரம் முழுக்க அதன் ராஜ்ஜியம். எழுந்து பக்கத்தில் போனால் சட்டென்று நின்றுவிடும். நாலு எட்டு பின்னால் வந்தால் மறுபடி எடுக்கும். எங்கே உட்கார்ந்து கத்துகிறது என்று ஒரு தடவையும் கண்டுபிடித்ததில்லை.

சுவரில் பல்லி சொன்னால் ஆத்தா பேச்சை நிறுத்திவிட்டு, "எந்தப் பக்கம் சொல்லுச்சு கண்ணு?" என்று கேட்பாள். நான் கையைக் காட்டுவேன். ஈசானிய மூலையா, அக்கினி மூலையா என்று பார்த்து அவள் பலன் சொல்வாள். பலன் எதுவும் எனக்கு ஞாபகமில்லை. ஆனால் இருட்டில் அவ்வளவு சின்னச் சத்தம் எந்த மூலையிலிருந்து வந்தது என்று ஒரு சிறுவனால் சொல்ல முடிந்தது சாதாரணக் காரியம் இல்லை என்று இப்போது தெரிகிறது. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒலி ஒரு காதுக்கு முந்தியும் மறு காதுக்குப் பிந்தியும் வந்து சேரும். அந்த வித்தியாசம் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இருக்காது. குறுக்கே தலை இருப்பதால் மறுபக்கக் காதில் சத்தம் கொஞ்சம் குறையவும் செய்யும். இந்த இரண்டையும் வைத்துத்தான் மூளை திசை சொல்கிறது. பல்லி போன்ற கீச்சொலிக்கு இரண்டாவது கணக்கே பெரிதும் உதவுகிறது. அதற்கு இரண்டு காதும் உயர்ந்த சுருதியில் நன்றாகக் கேட்க வேண்டும்.

அப்பா குழித்தறி நெய்தவர். வீட்டுக்குள்ளேயே தறி. குழியில் காலை விட்டு உட்கார்ந்து மிதித்து நெய்வார். எதிர்ச் சுவரோரம் அம்மா ராட்டையில் தார் சுற்றுவாள். தறி ஓடிக்கொண்டிருக்கும்போதே இருவரும் பேசிக்கொள்வார்கள். அதற்காகக் குரலை உயர்த்தியதே கிடையாது. நாடா ஓடும், பண்ணை வந்து இடிக்கும், நடுவே அம்மா ஏதோ ஊர்க்கதை சொல்வாள், அப்பா "ம்" கொட்டுவார். அந்தச் சத்தத்துக்குள் உட்கார்ந்துதான் படித்தேன், அதிலேயே தூங்கினேன். கைத்தறியின் சத்தம் மனிதப் பேச்சுக்கு இடம் விட்ட சத்தம்.

கைத்தறியில் கூலி கட்டுப்படியாகாமல் போன காலத்தில் அப்பா விசைத்தறிக் குடோனுக்குப் போனார். பதினாறு வயதில் நானும் பின்னாலேயே போனேன்.

நாடாத் தறியின் சத்தம் எதிலிருந்து கிளம்புகிறது என்பது அதை ஓட்டியவர்களுக்குத் தெரியும். இரு முனையிலும் இரும்புப் பூண் போட்ட மரநாடாவை ஒரு பக்கத்துக் கட்டை அடித்து எறியும். அது பாவுக்குள் பாய்ந்து மறுபக்கப் பெட்டியில் போய் முட்டி நிற்கும். அங்கிருந்து திரும்ப ஓர் அடி. நிமிடத்துக்கு நூறு தடவைக்கு மேல் இது நடக்கும், ஒவ்வொரு தறியிலும். தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட்டு, சுற்றிலும் பூசிய சுவர். சத்தம் வெளியேற வழியில்லாமல் திரும்பத் திரும்ப நம்மேலேயே வந்து விழும். இப்படிப்பட்ட குடோனில் அளவுக் கருவியை வைத்தால் 95 டெசிபலுக்கு மேல்தான் காட்டும். 100ஐத் தாண்டுவதும் உண்டு.

நம் தொழிற்சாலை விதிகளில் இதற்கு ஒரு கணக்கு இருந்தது. 90 டெசிபல் இரைச்சலில் ஒருவர் நாளுக்கு 8 மணி நேரம் வேலை செய்யலாம். 95 என்றால் 4 மணி நேரம். 100 என்றால் 2 மணி நேரம். நாங்கள் பார்த்தது 12 மணி நேர ஷிஃப்டு, ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. டெசிபலில் ஐந்து என்பதைச் சின்ன எண்ணாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 3 டெசிபல் கூடினாலே காதுக்குள் போகும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிவிடும். இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அரசுக்கு அறிவித்தே ஆகவேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தது. ஆனால் மின்சாரத்தில் இயங்கும் இடமாக இருந்தாலும் 10 பேராவது வேலை செய்தால்தான் அந்தச் சட்டத்தின் கண்ணில் அது தொழிற்சாலையாக இருந்தது. எங்கள் பக்கத்துக் குடோன்கள் பலவற்றில் அத்தனை பேர் கிடையாது. எங்கள் காதுகளைப் பற்றி யாரும் யாருக்கும் அறிவிக்கவில்லை.

குடோனுக்குள் வாயால் பேசி ஆகாது. உதட்டைப் பெரிதாக அசைத்துக் காட்டுவோம், கையால் சொல்வோம். நூல் அறுந்தது, தார் தீர்ந்தது, முதலாளி வருகிறார், டீ வந்துவிட்டது, எல்லாவற்றுக்கும் ஒரு கைக்குறி உண்டு. இங்கிலாந்தில் லங்காஷையர் பருத்தி ஆலைகளில் நெசவு செய்த பெண்களும் இப்படித்தான் உதட்டைப் பெரிதாக அசைத்துப் பேசிக்கொண்டார்கள் என்று பிற்பாடு படித்தபோது, பார்த்தறியாத அந்தப் பெண்கள்மேல் எனக்கு ஒரு சொந்தம் வந்துவிட்டது. அந்தத் தறிகளின் வம்சத்தில் வந்தவைதானே எங்கள் தறிகளும்.

ஆரம்பத்தில் ஷிஃப்டு முடிந்து வெளியே வந்தால் காது அடைத்துக்கொண்டிருக்கும், உள்ளே ஒரு கூவல் கேட்கும். தூங்கி எழுந்தால் தெளிந்துவிடும். தெளிந்துவிடுவதுதான் இதில் பொல்லாத விஷயம். காலையில் சரியாகிவிட்டதே என்று மறுபடி உள்ளே போவார்கள். வருடக்கணக்கில் அப்படிப் போய்வந்தால் ஒரு கட்டத்துக்கு மேல் முழுவதும் தெளியாது. சிலர் கழிவுப்பஞ்சைத் திரித்துக் காதில் வைத்துக்கொள்வார்கள். பஞ்சு தூசியைத் தடுக்கும். சத்தத்தைத் தடுக்க அதனால் ஆகாது.

தொழில் காதைத் தின்னும் என்பது புதிதாகக் கண்டுபிடித்த உண்மையும் அல்ல. தொழில் நோய்களைப் பற்றி முதன்முதலில் விரிவாக எழுதிய இத்தாலிய மருத்துவர் ரமாசினி, செம்புப் பாத்திரம் தட்டுகிறவர்கள் செவிடாகிப் போவதை 1713ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே எழுதிவைத்துவிட்டார். திருப்பூருக்குப் பக்கத்தில் அனுப்பர்பாளையத்தில் பித்தளைப் பாத்திரப் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே வயசாளிகளிடம் பேச நேர்ந்தால் உங்கள் உதட்டைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள்.

காதுக்குள் நடப்பது இதுதான். உட்காதில் நத்தை ஓடு வடிவில் காக்ளியா என்று ஓர் உறுப்பு. அதன் சுருளில் வரிசை வரிசையாக மயிரிழைச் செல்கள், ஒரு காதுக்கு ஏறத்தாழ 15,000. ஒலி அலை அவற்றை அசைக்கும். அந்த அசைவு மின்குறியாக மாறி நரம்பு வழியே மூளைக்குப் போகும். கீச்சென்ற உயர்ந்த சுருதிகளுக்கான செல்கள் சுருளின் வாசலை ஒட்டி இருக்கின்றன. கனத்த ஓசைகளுக்கானவை உள்ளே தள்ளி, சுருளின் உச்சியில் இருக்கின்றன. வாசலில் நிற்பவைதான் முதலில் அடிபடுகின்றன. போதாததற்கு நம் காதுக் குழாயே 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலியை இன்னும் பெரிதாக்கி உள்ளே அனுப்புகிறது. அந்தச் செல்கள் செத்தால் மனிதருக்கு மறுபடி முளைப்பதில்லை. கோழிக்கு முளைக்கிறது. பெரும் இரைச்சலில் அழிந்த செல்கள் கோழிக்குஞ்சின் காதில் சில வாரங்களில் திரும்ப வளர்வதை 1988இல் வெளியான ஆய்வுகள் காட்டின. எங்கள் வாசலில் மேய்கிற கோழிக்கு இருக்கும் அந்த வரம் எங்களுக்கு இல்லை. மனிதக் காதிலும் அதை முளைக்க வைக்க விஞ்ஞானிகள் இன்றுவரை பாடுபடுகிறார்கள்.

எல்லாக் காது கேளாமையும் இந்த ரகம் இல்லை. அழுக்கு அடைத்ததால் கேட்காமல் போனது, அழுக்கை எடுத்தால் சரியாகிவிடும். சீழ் பிடித்து ஓட்டையான செவிப்பறையையும், இறுகிப்போன நடுக்காது எலும்பையும் அறுவை சிகிச்சையில் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. ஓரிரு நாளில் திடீரென்று ஒரு காது கேட்காமல் போனால் அது அவசர நிலை. ஸ்டீராய்டு மருந்தை உடனே தொடங்கினால் பலருக்குத் திரும்பக் கிடைக்கிறது, தள்ளிப்போட்டால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். சில மருந்துகளும் காதைக் கெடுக்கும். காசநோய்க்குப் போட்டுவந்த ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி அதில் ஒன்று. இரைச்சலும் வயதும் எடுத்துக்கொண்டதற்கு மட்டும் இன்றைக்கு மருந்து இல்லை, அறுத்துச் சரிசெய்யும் வழியும் இல்லை. இருப்பதைக் காப்பாற்றலாம், மிச்சத்துக்குக் காதுக் கருவி போடலாம்.

போவதும் ஒரே நாளில் போவதில்லை. முதலில் சில்வண்டு. பிறகு பல்லி. பிறகு தூறல். ஓட்டின்மேல் மழை வலுத்தால்தான் மழை பெய்வதே தெரியும். அப்புறம் பேச்சுக்கு வரும். தமிழில் 'ஆ', 'ஊ', 'ஓ' எல்லாம் தாழ்ந்த சுருதியில், பலமாக ஒலிப்பவை. அவை கடைசிவரை கேட்கும். 'ச'வும் 'த'வும் 'க'வும் 'ப'வும் மெல்லியவை; ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டும் ஒலி மேல் சுருதியில் இருக்கிறது. அது போனபின் படி, தடி, கடி எல்லாம் ஒன்றுதான். அதனால்தான் தறிக்காரர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள்: "சத்தம் கேக்குதுங்க, பேச்சுத்தான் பிடிபடல." இதை வீட்டில் இருப்பவர்கள் நம்ப மாட்டார்கள். கதவு சாத்துவது கேட்கிறது, லாரி போவது கேட்கிறது, நான் சொல்வது மட்டும் கேட்கவில்லையா என்பார்கள். பெண்கள், குழந்தைகள் குரல் முதலில் போகும். ஆண்குரல் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். மனைவி சொன்னது காதில் ஏறாது, கடைக்காரர் சொன்னது ஏறும். எத்தனை குடும்பங்களில் இதனால் மனஸ்தாபம் வந்திருக்கிறது!

அப்பாவுக்கு என்னைவிட முன்னாலேயே போயிற்று. கல்யாண வீடுகளில் அவர் ஓரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். யார் எதைச் சொன்னாலும் சிரிப்பார். எல்லோரும் சிரிக்கும்போது அரை நொடி கழித்துச் சிரிப்பார். "பெரியவருக்கு வயசாயிருச்சு, புத்தி மழுங்கிப்போச்சு" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவர் புத்தி கடைசி வரை பாவுக் கணக்கை மனசிலேயே போடும். காதுதான் இல்லை. கவனிக்காமல் விட்ட செவித்திறன் இழப்பு பிற்காலத்தில் மறதி நோய் வரும் அபாயத்தைக் கூட்டுகிறது என்று லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024 அறிக்கையிலும் சொல்லியிருக்கிறது. பேச்சு புரியாதவர் கூட்டத்தை விட்டு ஒதுங்குகிறார், ஒதுங்கியவரிடம் பேச்சும் குறைந்துவிடுகிறது. அப்பாவின் கடைசி வருடங்களில் எங்கள் வீட்டில் அவரிடம் சொல்லப்பட்டவை சாப்பாடு, மருந்து, படுக்கை, இவ்வளவுதான். நெய்துகொண்டே அம்மாவின் கதைகளுக்கு "ம்" கொட்டிய மனிதர் அவர். அந்த "ம்"முக்காக இன்றும் மனசு ஏங்குகிறது.

தறியை விட்டுக் கோயம்புத்தூரில் ஓர் அச்சகத்தில் புரூப் திருத்தும் வேலைக்கு வந்து, பல வருடம் கழித்துத்தான் நான் காதுச் சோதனை அறைக்குப் போனேன். சின்ன அறை. சுவரெல்லாம் நுரைப்பஞ்சு. ஆடியாலஜிஸ்டு பெண்ணுக்கு என் மகள் வயது இருக்கும். காதில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்து, "ஐயா, எவ்வளவு சின்னதாக் கேட்டாலும் அமுக்கிருங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க" என்றார். கதவைச் சாத்தியபின் கண்ணாடிக்கு அப்பால் அவர் விரல்கள் அசைவது மட்டும் தெரிந்தது. கனத்த ஓசைகள் வந்தன. அமுக்கினேன். பிறகு நீண்ட நேரம் ஒன்றும் வரவில்லை. அவர் விரல்கள் அசைந்துகொண்டேதான் இருந்தன.

முடிந்ததும் ஆடியோகிராம் என்ற தாளைக் காட்டினார். வலது காதுக்குச் சிவப்பு வட்டங்கள், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறிகள். 250, 500, 1,000 ஹெர்ட்ஸ் வரை கோடு மேலேயே போகிறது. 2,000இல் சரிந்து, 4,000இல் ஒரு குழியில் விழுந்து, 8,000இல் சற்று ஏறுகிறது. காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வுக் கருவியை வைத்துப் பார்த்தபோதும் அதே கோடு. நடுக்காதில் குறை இல்லை, உட்காதில்தான் என்று அதற்குப் பொருள். நான் வாயைத் திறக்கும் முன்பே, "தறியில இருந்தீங்களாங்கய்யா?" என்று கேட்டார். 4,000 என்றால் எந்தச் சத்தம் அம்மிணி என்று நான் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சில்வண்டு இருக்குதுல்லீங்க, அது" என்றார்.

சட்டத்தின் அளவுகோல் இந்தக் குழியை முழுதாகப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி, இரண்டு காதிலும் பேச்சுச் சுருதிகளில் 60 டெசிபல் இழப்பு இருந்தால்தான் செவிக்குறையுடையவர் என்ற கணக்கில் வரலாம்; 70 என்றால் காது கேளாதவர். தறிக்காரரின் காது தாழ்ந்த சுருதியில் நன்றாகக் கேட்பதால் சராசரி அந்த எல்லையைத் தொடாமலே நின்றுவிடும். பேச்சு புரியாது, அடையாள அட்டையும் கிடைக்காது.

கருவி போட்டுக்கொண்டேன். அதற்கு முதலில் காதுக்கு அச்சு எடுக்க வேண்டும். சின்னப் பஞ்சை உள்ளே வைத்து, பிசைந்த பசையை ஊசிக்குழலால் காதுக்குள் செலுத்தினார் அந்தப் பெண். சில நிமிடத்தில் அது ரப்பராக இறுகிவிட்டது. எடுத்துக் கையில் கொடுத்தார். என் காதுக் குழியின் வளைவை முதன்முதலாகப் பார்த்தேன். அதை வைத்துத்தான் மோல்டு செய்கிறார்கள். மோல்டு சரியாகப் பொருந்தாவிட்டால் கருவி கீச்சென்று விசில் அடிக்கும். பாட்டரி 13ஆம் எண். ஆரஞ்சு நிற ஒட்டுத்தாளை உரித்தபின் ஒரு நிமிடமாவது காற்றுப்பட வைத்துத்தான் போட வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டால்தான் அதற்கு உயிர் வரும். வியர்வை பட்டால் கருவி கெடும் என்பதால் ராத்திரி ஈரம் உறிஞ்சும் டப்பாவுக்குள் வைக்கிறேன்.

முதல் நாள் என் குரலே பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. செய்தித்தாளைப் புரட்டினால், கேரி பேக்கை மடித்தால் காது கூசியது. அடிபட்ட காதுக்கு இன்னொரு குணம் உண்டு: சின்னச் சத்தம் கேட்காது, பெரிய சத்தத்தைத் தாங்கவும் தாங்காது. அதனால் கருவி சின்னதை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும் கூட்டித் தருகிறது. மூளைக்கு இது பழக வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். பொறுமையில்லாமல் அலமாரியில் வைத்துவிடுகிறவர்கள் நிறைய. நான் கழற்றவில்லை, ஏனென்றால் என் வீட்டுக்காரி அன்று அடுப்படியிலிருந்து, "என்னங்க, கேக்குதுங்களா?" என்று கத்தாமல் கேட்டாள். எனக்காக இத்தனை வருடமாகக் கத்திக் கத்தி, அவளுடைய சாதாரணக் குரல் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அந்தக் குரலைத் திருப்பித் தந்த கருவிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

ஆனால் ராத்திரி திரும்பவில்லை. ஊருக்குப் போய் வாசலில் கட்டிலைப் போட்டுக் கருவியுடனேயே படுத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆடியாலஜிஸ்டிடம் சொன்னபோது காரணம் சொன்னார். மனிதப் பேச்சு ஏறி இறங்கும், இடைவெளி விடும். ஒரே சீராக வருகிற சத்தத்தை, மின்விசிறி மாதிரி, இரைச்சல் என்று கருவி முடிவு செய்து குறைத்துவிடும். கூர்மையான ஒற்றைச் சுருதியைத் தன் விசில் என்று நினைத்து அழிக்கவும் பார்க்கும். பேச்சைக் காப்பாற்றுவதற்காகச் செய்யப்பட்ட கருவி, சில்வண்டைக் கேட்டுவிட்டு எனக்குத் தராமல் வைத்துக்கொள்கிறது. பாட்டுக் கேட்பதற்கு என்று தனியாக ஒரு புரோகிராம் உண்டு. அதில் இந்த வடிகட்டல்களைக் குறைத்துவைப்பார்கள். அதை எனக்குப் போட்டுக் கொடுத்தார். அடுத்த முறை வேலியோரம் கேட்டது. மெல்லியதாக, தகரக் குரலில், என் காதுக்குள்ளேயே. வேலி எந்தப் பக்கம் என்று அது சொல்லவில்லை.

கருவியைக் கழற்றியபின் வேறொரு சில்வண்டு வருகிறது. அது வெளியே இல்லை. காதிரைச்சல் என்கிறார்கள். எந்தச் சுருதியில் இழப்போ ஏறக்குறைய அதே சுருதியில்தான் அது பெரும்பாலும் கேட்கும். அங்கிருந்து செய்தி வராமல் போனதால் மூளை தன் பக்கத்தில் ஒலியைக் கூட்டிக்கொள்கிறது, அதனால் வருவது என்று விளக்குகிறார்கள். முற்றாகத் தீர்க்கும் மருந்து இல்லை. மின்விசிறியைப் போட்டுக்கொண்டால், பகலில் கருவியைத் தொடர்ந்து அணிந்தால் அது அமுங்குகிறது. பக்கத்தில் போனால் நிற்காத சில்வண்டு அது. எனக்கு வேண்டியது நான் எழுந்து போனால் பயந்து நிற்குமே, அந்தச் சில்வண்டு.

பேத்தி பிறந்தபோது ஆஸ்பத்திரியில் அவள் காதில் ஒரு சின்னக் குழலை வைத்துச் சோதித்தார்கள். நலமான காது, தான் கேட்ட ஒலிக்குப் பதிலாக மிக மெல்லிய ஓர் ஒலியைத் தானே எழுப்பி வெளியே அனுப்புமாம். டேவிட் கெம்ப் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி 1978இல் இதைக் கண்டு சொன்னார். அந்தப் பச்சைக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதன் காது பதில் சொல்லிக்கொண்டிருந்தது. திரையில் 'பாஸ்' என்று வந்தது. பதில் வராவிட்டால் அடுத்து பெரா என்ற இன்னொரு செவிச் சோதனை செய்வார்கள். இழப்பு உறுதியானால் ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் தொடங்க வேண்டும். கருவியாலும் கேட்காத குழந்தைகளுக்குக் காக்ளியர் இம்பிளாண்ட் அறுவை சிகிச்சையை, ஆறு வயதுக்குட்பட்டிருந்தால், தமிழக அரசு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் செய்து தருகிறது. லட்சக்கணக்கில் செலவாகும் சிகிச்சை அது. நம் மாநிலத்தில் எனக்குப் பெருமை தரும் காரியங்களில் ஒன்று. என் காதிலும் அதே குழலை வைத்துப் பார்த்தார் ஆடியாலஜிஸ்டு. 4,000 பக்கம் என் காது ஒன்றும் சொல்லவில்லை.

உலகத்தில் 43 கோடிப் பேருக்குச் செவித்திறன் இழப்புக்கான மறுவாழ்வு உதவி தேவைப்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவு பெரிய எண்ணிக்கையை என்னால் மனசில் நிறுத்த முடியவில்லை. எனக்குத் தெரிந்தவை சோமனூர், பல்லடம், பள்ளிபாளையம், சங்கரன்கோவில் குடோன்கள். இன்றைக்கும் அங்கே இருபது வயசுப் பிள்ளைகள் வெறும் காதோடு நிற்கிறார்கள்.

முதலாளிமார்களே, நுரையில் செய்த காதடைப்பான் ஒரு ஜோடி ஒரு டீ விலைக்குக் கிடைக்கிறது. வாங்கிக் கொடுங்கள். தறி ஓட்டும் தம்பி தங்கைகளே, அதை விரலில் மெல்லிசாக உருட்டி, மறுகையால் காதை மேலே இழுத்துப் பிடித்து உள்ளே விட்டு, விரியும்வரை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். பஞ்சை நம்பாதீர்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவு இருக்கிறது. மற்ற மாவட்டங்களின் அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் உண்டு. ஆடியோகிராம் எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஷிஃப்டு முடிந்த கையோடு போகாதீர்கள். ஒரு ராத்திரி தூங்கி எழுந்து, தறிச் சத்தத்தில் போய் நிற்காமல் போங்கள், அப்போதுதான் சரியான அளவு கிடைக்கும். 4,000இல் கோடு இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, அடுத்த வருடமும் போய் எடுத்து இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.